விமானத்தில் போகக் கூடாது என்று மட்டும் சொன்னேன்

குப்புசாமி அண்ணனுக்கு இருந்தது ஒரே கண். அதையும் நான் கெடுத்துவிட்டேன் என்று ஒரு நாள் காலையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் அன்பிய ஜெபக் கூட்டத்தாரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சேலத்தில் கண் அறுவை மருத்துவராக இருக்கிறேன். விழித்திரை நோய்தான் என் ஆராய்ச்சி. கண்ணுக்குள் வைக்கும் வாயுக் குமிழியைப் பற்றி வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் எல்லாம் பேசியவன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அண்ணன் ராசிபுரம் பக்கத்து விவசாயி. சின்ன வயதில் சோளத்தட்டு குத்தி ஒரு கண் போய்விட்டது. மற்ற கண்ணில் விழித்திரை பிரிந்து வந்தார். அறுவை செய்து குமிழி வைத்தேன். விழித்திரை ஒட்டும் வரை அதுதான் அழுத்திப் பிடிக்கும். அதற்காக அவர் தலையைக் குனிந்தபடியே இருக்க வேண்டும். உயரமான இடத்துக்குப் போனால் குமிழி பெருத்து, கண்ணின் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளில் "விமானப் பயணம் கூடாது" என்று அச்சடித்திருந்தோம். நான் வெளிநாட்டில் படித்த இடத்துத் தாள் அது. அப்படியே தமிழாக்கியிருந்தேன். அண்ணனின் மனைவி சரசக்கா சிரித்தார்.

"நாங்க எங்கீங்க டாக்டரு ஏரோப்ளேன்ல போறோம்?"

நானும் சிரித்தேன். ஜன்னலைத் திறந்தால் ஏற்காடு மலை தெரிகிற ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன்.

நாலாம் நாள் மறுபரிசோதனைக்கு வந்து, கண் நன்றாக இருக்கிறது என்று கேட்டுப் போனார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த அறுவைக்கு நான் கிளம்பும்போது நர்ஸ் சொன்னார்: "அவங்க ஊட்டுக்குப் போகலீங்க சார். கண்ணு கெடச்சதுக்கு வேண்டுதல்னு நேரா கொல்லிமலைக்குப் போறாங்க."

உடனே சரசக்காவின் எண்ணுக்குப் போட்டேன். போன் போகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன், போகவில்லை. கணக்குப் பார்த்தால் பஸ் மலை ஏறும் நேரம். அடுத்த அறுவையைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டுக் கை கழுவும் இடத்திலேயே உட்கார்ந்தேன். எப்போதும் "ஆண்டவரே, என் கைக்குத் திறமை கொடும்" என்றுதான் ஜெபிப்பேன். அன்று அது வாயில் வரவில்லை. "தப்பு என்னுடையது, ஆண்டவரே. அவர் கண்ணை எடுத்துக்கொள்ளாதேயும்" என்று மட்டும் சொன்னேன். அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் சரசக்காவே கூப்பிட்டார்.

"ஏனுங்க டாக்டரு, நீங்கதான தலையக் குனிஞ்சே இருக்கச் சொன்னீங்க? இவரு பஸ்ஸுலயும் நிமிரவே மாட்டேன்னுட்டாரு. மூணாவது வளைவுலயே ஒரே வாந்திங்க. எறக்கி உட்டுட்டாங்க. நடந்தே எறங்கி இப்ப அடிவாரத்துல இருக்கறோம். அடுத்த பஸ்ஸுல ஏறட்டுங்களா?"

"வேண்டாங்கக்கா! ஏறாதீங்க!" நான் கத்தியதில் நர்ஸ் ஓடிவந்தார்.

கார் அனுப்பி அழைத்துவரச் செய்தேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பு என்னுடையது என்று அண்ணனிடம் சொன்னேன். "அட உடுங்க, டாக்டரு" என்றார், தலையைக் குனிந்தபடியே.

குமிழி கரைந்த பிறகு மலைக்குப் போய் வேண்டுதலை முடித்து, எனக்கு அன்னாசிப் பழம் கொண்டுவந்தார். என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மீசை நரைத்துவிட்டது என்று கிண்டல் செய்தார். நன்றி ஆண்டவரே, அந்தக் கிண்டலுக்காக.

இப்போது எங்கள் தாளின் முதல் வரி, "மலை ஏறக் கூடாது." உங்களில் யாருக்காவது செய்த தப்பை ஒத்துக்கொள்ள முடியாமல் ஜெபம் தொண்டையில் நிற்கிறதா? அந்தத் தப்பையே முதலில் சொல்லிப் பாருங்கள். நான் பேசியதிலேயே சின்ன ஜெபம் அதுதான். அவர் அதைக் கேட்டார்.