பார்க்கிங்கில் நீச்சல் வகுப்பு

நீச்சல் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்களுக்குக் கோடை விடுமுறைதான் சீசன். சென்னையின் தெற்குப் பக்கத்தில் தண்ணீர் வற்றுவதும் அதே மாதங்களில்தான். இந்த இரண்டையும் நான் சேர்த்து யோசித்ததில்லை, அந்தக் கோடை வரும்வரை.

சேலையூரைத் தாண்டி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு வகுப்பு. ஏப்ரல் நடுவில் ஒருநாள் காலை ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போனால் குளத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். மிச்சத்தையும் மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள், கழிப்பறைத் தொட்டிகளுக்காக. குடியிருப்போர் சங்கச் செயலாளர் பக்கத்தில் நின்றிருந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்தாமலே பேசுவார்.

"போர்ல தண்ணி நின்னு போச்சு மேடம். குடிக்க, குளிக்க எல்லாமே லாரிதான். இப்ப போய் பூல்னு பேசினா ஜனங்க அடிக்க வந்துடுவாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மாடம்பாக்கத்தில் என் வீட்டிலேயே குழாயில் காற்றுதான் வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வாசலில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்த லாரி டிரைவரிடம், குளத்துக்குத் தனியாகக் கொண்டுவர முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"இன்னா மேடம், வெளாட்றியா? குடிக்கவே தண்ணி இல்லாம ஏரியாவே பேஜாரா கீது. நீ நீச்சலுக்குக் கேக்கற?" என்றார். பைப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் என் கணவர் சொன்னார்: "வண்டலூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல பி.டி. மிஸ் வேணுமாம். பேசாம அதுக்குப் போயேன். இந்த வருஷத்தோட நீச்சலை விட்டுடு."

"ஸ்கூலுக்குப் போறேன். ஆனா நீச்சலை விடமாட்டேன்" என்றேன். "எப்படி?" என்று கேட்டார்.

பதில் கிடைத்தது மறுநாள் பாத்திரம் கழுவும்போது. புதிதாக வரும் பிள்ளைகளோடு முதல் சில வாரங்கள் நான் மல்லுக்கட்டுவது மூச்சோடும் காலோடும்தான். வாயால் இழு, நீருக்குள் விடு, முட்டியை மடக்காதே. இதற்கெல்லாம் ஒரு குளம் நிறையத் தண்ணீர் எதற்கு?

நேரே செயலாளரிடம் போனேன். "பார்க்கிங்ல ஒரு ஓரம் குடுங்க சார்."

"பார்க்கிங்ல நீச்சலா?"

"கால் அடிக்கப் பெஞ்சு போதும் சார். மூச்சுக்கு ஒரு பேசின்."

அவர் பார்க்கிங்கை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "சத்தம் கூடாது. கார் எடுக்கறப்ப பிள்ளைங்க ஓரமா நிக்கணும். எங்ககிட்ட ஒரு சொட்டுத் தண்ணி கேக்கக் கூடாது."

பாதிப் பெற்றோர் விலகிக்கொண்டார்கள். மிச்சம் இருந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பேசினில் வீட்டுத் தண்ணீர் எடுத்துவந்தார்கள். "வீடு துடைக்க வெச்சிருக்கேன் மேம், கொட்டிடாம திருப்பி அனுப்புங்க" என்று ஓர் அம்மா மாடியிலிருந்து கத்தினார். பிள்ளைகள் பெஞ்சில் குப்புறப் படுத்துக் கால் அடித்தார்கள், எழுந்து பேசினில் முகம் வைத்துக் குமிழி விட்டார்கள். காரை எடுக்க வந்த ஒரு தகப்பனார் அதை வீடியோ எடுத்தார். "என்ன பசங்களா, கரை வந்துடுச்சா?" என்று அவர் கேட்பதும் அதில் பதிவாகியிருந்தது. மதியத்துக்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே போய்ப் பெஞ்சுகளை இழுத்துப் போட்டேன்.

பள்ளி திறந்ததும் வகுப்பு சனி, ஞாயிறு என்று ஆனது. மற்ற நாட்களில் வண்டலூர்ப் பள்ளியில் விசில் ஊதினேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. போரில் தண்ணீர் ஏறி, ஒருவழியாகக் குளத்தையும் நிரப்பினார்கள்.

முதல் நாள் வேடிக்கை பார்க்கப் பெரிய கூட்டம். பிள்ளைகள் இறங்கினார்கள். பலருக்கு மூச்சு தானாக வந்தது, கால் நேராக நின்றது. ஆனால் பார்க்கிங்கில் எல்லோரையும்விட நன்றாகச் செய்த இரண்டாம் வகுப்புச் சிறுமி, காலுக்கடியில் தரை நழுவியதும் வீல் என்று அலறினாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"இத்தனை மாசம் கத்துக்கிட்டது இதுதானா?" என்றார் வீடியோ எடுத்தவர்.

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அவளைப் படியில் உட்கார வைத்து, "பேசின்ல எவ்ளோ அழகா பண்ணின, அதேதான்டா" என்றேன்.

அவள் விசும்பிக்கொண்டே சொன்னாள்: "பேசின்ல நான் வெளியில இருந்தேன் மேம்."

உடம்பு முழுவதையும் தண்ணீரிடம் ஒப்படைப்பதை எந்தப் பார்க்கிங்கிலும் சொல்லித்தர முடியாது. அந்தக் குழந்தை அதை ஒரே வரியில் சொல்லிவிட்டது. சரி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம் என்று முடிவு செய்தேன். அன்று நாங்கள் நீந்தவே இல்லை. இடுப்பளவு நீரில் கைகோத்து நடந்தோம், அவ்வளவுதான். அடுத்த வாரமும் நடந்தோம். அதற்கடுத்த வாரம் அவளாகவே முகத்தை நீருக்குள் வைத்தாள். மூச்சு பிசகவில்லை.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில், என் உள்ளங்கை மேல் மிதந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "கையை எடுங்க மேம்" என்றாள். எடுத்தேன். கோணல்மாணலாகத்தான் போனாள். சுவரைத் தொட்டுத் திரும்பி, மூக்கில் தண்ணீர் ஒழுகச் சிரித்தாள்.

படியில் அன்றுதான் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், கம்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனிடம் போய்க் கையை நீட்டினேன்.

"வா, முதல்ல நடக்கலாம்."