ஆன்டெனாவை வாங்க மறுத்த அக்கா

2006-ஆம் வருடம், பிப்ரவரி மாதம். மரக்காணம் உப்பளங்களில் தேங்கிய மழைத் தண்ணீரை வடியவிட்டு, பாத்திகளைச் சரிசெய்யும் வேலை தொடங்கியிருந்த சமயம். என் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயது.

நான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்தது திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, ஒரு டிவி ரிப்பேர் கடையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். கல்யாணமான பிறகு வீட்டில் சும்மா இருந்தபோது, கழுவெளி ஏரிக்கும் உப்பளத்துக்கும் வருகிற வெளிநாட்டுப் பறவைகளை ஆராயும் ஒரு திட்டத்தில் சால்டரிங் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அன்றைக்கே ஒரு பழுதான கருவியைக் கையில் கொடுத்தார்கள். சரிசெய்து கொடுத்தேன். வேலை கிடைத்துவிட்டது.

பவளக்காலி என்று ஒரு பறவை. கால் இரண்டும் செக்கச்செவேலென்று இருக்கும். அதன் முதுகில் புளியங்கொட்டை அளவுள்ள ஒரு ரேடியோ கருவியை ஒட்டிப் பறக்கவிடுவோம். பிறகு நான் தோளில் ரிசீவரை மாட்டிக்கொண்டு, மீன் முள் மாதிரி இருக்கும் ஓர் ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, உப்பள வரப்புகளில் நடப்பேன். பறவை இருக்கும் பக்கம் ஆன்டெனா திரும்பினால் 'டிக் டிக்' சத்தம் பலமாகக் கேட்கும். இரண்டு இடங்களில் நின்று திசையைக் குறித்துக்கொண்டால், அந்த இரண்டு கோடுகளும் சந்திக்கிற இடத்தில் பறவை இருக்கும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் என்னைக் கண்டதும், "இன்னாம்மா, இன்னிக்கு எந்தச் சேனல் வருது?" என்று கேலி செய்வார்கள்.

திட்டத்தில் நாங்கள் மூன்றே பெண்கள்தான். பறவைகளைப் பற்றிப் படித்த மேடம்தான் தலைவி. ஜீப்பை அவரே ஓட்டுவார், அதிகம் பேச மாட்டார். கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது கோட்டக்குப்பத்து அக்கா. அவருடைய கணவர் துபாயில் இருந்தார். பள்ளிக்கூடம் போகிற மகளை அனுப்பிவிட்டு, தினமும் பஸ் பிடித்து வருவார். வரும்போது டிபன் பாக்ஸில் எனக்கும் சேர்த்து ஏதாவது இருக்கும். பால் கொடுக்கிற உடம்பு என்று சொல்லி, மேடத்தின் பங்கையும் என் தட்டிலேயே வைத்துவிடுவார்.

பிரசவத்துக்குப் பிறகு நான் வேலைக்குத் திரும்ப முடிந்ததற்கு என் மாமியார்தான் காரணம். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது என்பதால், குழந்தையை அவர் பார்த்துக்கொண்டார். பாத்தி வேலை தொடங்கியதும் அவர் போயாக வேண்டியிருந்தது. விடியும் முன்பே கிளம்பினால் மத்தியானம்தான் திரும்புவார். என் கணவர் கடலூர்ப் பக்கம் சுனாமி வீடுகள் கட்டும் வேலையில் இருந்தார். அம்மா வீட்டில் அறுப்பு நேரம். யாரிடம் போய்க் கேட்பது?

வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் அந்த வாரம்தான் சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வருவதாக இருந்தது. எங்கள் வேலையை நேரில் பார்த்து, திட்டத்தைத் தொடரலாமா வேண்டாமா என்று சொல்லப் போகிறவர் அவர். ஆன்டெனா பிடிக்க அக்காவுக்கும் ஓரளவு சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, விவரத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். மனசு பாரமாக இருந்தது. தோளில் தொங்கிய ரிசீவரின் வாரை மகள் சப்பிக்கொண்டே வந்தாள்.

ஜீப் பக்கத்தில் அக்கா மட்டும் நின்றிருந்தார். மேடம் அந்த நிபுணரோடு கொஞ்சம் தள்ளிப் பேசிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி, ஆன்டெனாவை நீட்டினேன்.

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இத நான் வாங்க மாட்டேன். புள்ளயக் குடு."

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் பிரச்சினை இல்லக்கா இது. சீசன் முடியுற வரைக்கும்..."

"நாளைக்குள்ளத நாளைக்குப் பாத்துக்கலாம். இப்ப குடு."

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீங்க செஞ்சு காட்டினா உங்களுக்கும் நல்லதுதானேக்கா."

அக்காவின் முகம் மாறியது. சத்தம் தாழ்த்திச் சொன்னார். "பாண்டிச்சேரில ஒரு கம்ப்யூட்டர் கம்பெனில நல்ல வேலைல இருந்தேன். எம் பொண்ணு இந்த வயசுல இருக்கும்போது, ஒரு மணி நேரம் யாராச்சும் வச்சிக்க மாட்டாங்களான்னு வாசல்லயே நின்னுருக்கேன். யாரும் வரல. வேல போச்சு. அப்புறம் மறுபடி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரவே எனக்கு அஞ்சு வருஷம் ஆயிடுச்சு. உனக்கு அப்படி ஆவ வேணாம். குடும்மா."

நான் கொடுப்பதற்கு முன்பே அவரே குழந்தையை வாங்கிக்கொண்டார். துப்பட்டாவை அதன் தலைக்கு மேல் குடை மாதிரி இழுத்துவிட்டு, "மாஷா அல்லா, என்னா கனம்!" என்று சிரித்தார்.

மேடம் வந்தார். நிபுணருக்கு என்னை அறிமுகம் செய்தார். அவர் குழந்தையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இந்த வெயில்ல கைக்குழந்தையோட எப்படிம்மா வேலை செய்வீங்க?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, நிஜமான கவலையோடுதான் கேட்டார்.

"அது எங்க ஏற்பாடு சார். நீங்க வேலையப் பாருங்க" என்றார் மேடம். அப்படி ஓர் ஏற்பாடு இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

ரிசீவரை ஆன் செய்தேன். வழக்கமாகப் பறவைகள் இருக்கும் பக்கம் ஆன்டெனாவை நீட்டினேன். 'டிக் டிக்' வரவில்லை. சுற்றிலும் திருப்பினேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இரைச்சல். முந்தின நாள் நன்றாகக் கேட்ட பறவை அது. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அந்த நேரம் பார்த்து மகள் அழ ஆரம்பித்தாள். குழந்தை அழுதால் தாய்க்குப் பால் சுரந்துவிடும் இல்லையா? என் ரவிக்கை முன்பக்கம் நனைந்துவிட்டது. கையில் ஆன்டெனா, எதிரில் பெரிய மனிதர். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மேடம் தன்மேல் போட்டிருந்த, பாக்கெட் வைத்த காக்கி மேல்சட்டையைக் கழற்றி, என் தோளைச் சுற்றிப் போர்த்தி, முன்பக்கப் பட்டனையும் போட்டுவிட்டார். "வெயில் உனக்கு ஒத்துக்காது" என்றார் நிபுணர் காதில் விழும்படி. அந்த வெயிலில் அவ்வளவு கனமான சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். ஆனால் அந்தச் சட்டைக்குள் போனதும் என் கவனம் மறுபடி வேலைக்குத் திரும்பியது.

நிதானமாக யோசித்தேன். எல்லாப் பக்கமும் ஒரே இரைச்சல் என்றால், கோளாறு பறவையில் இல்லை, என் கையில்தான் இருக்கிறது. ஆன்டெனாவிலிருந்து ரிசீவருக்குப் போகும் வயரைக் கழற்றிப் பார்த்தேன். இணைப்பில் உப்புக்காற்று பட்டுப் பச்சையாகப் பூத்திருந்தது. பிளேடால் சுரண்டித் துடைத்து மறுபடி மாட்டினேன்.

'டிக்... டிக்...'

தூரத்தில், ஆனால் தெளிவாகக் கேட்டது. நாங்கள் நினைத்த பக்கம் இல்லை. கைவிடப்பட்ட பழைய பாத்திகள் இருக்கும் பக்கம். நின்ற இடத்திலிருந்து ஒரு திசையைக் குறித்தேன். வரப்பில் கொஞ்ச தூரம் போய் நின்று இன்னொரு திசையைக் குறித்து, அங்கிருந்தே கத்திச் சொன்னேன். அதற்குள் குழந்தையின் அழுகையை அமர்த்தியிருந்த அக்கா, ஜீப் பின்சீட்டில் ஒரு தொடையில் குழந்தையும் மறு தொடையில் லேப்டாப்புமாக உட்கார்ந்து, இரண்டு கோடுகளையும் போட்டு, "பழைய பாத்திதான்! வடக்கு மூலை!" என்று பதிலுக்குக் கத்தினார். நடுவில் மகள் ஏதோ ஒரு பட்டனை அமுக்கி வரைபடத்தையே காணாமல் போகச் செய்ததும், அதை அக்கா திரும்பக் கொண்டு வந்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

மேடமும் நிபுணரும் நானும் அந்த மூலைக்கு நடந்தோம். முழங்கால் அளவுச் சேற்றுக்கு மேல் மெல்லிசாகத் தண்ணீர் நின்றிருந்தது. அதில் பவளக்காலிகளும் உள்ளான்களும் அத்தனை நெருக்கமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. ஒற்றைக் காலில் நின்று தூங்கும் கூட்டத்துக்குள் எங்கள் கருவியைச் சுமந்த பறவையும் இருந்தது. நிபுணர் பைனாகுலரை எடுக்கவே மறந்து நின்றார். பறவைகள் மேயப் போகும் இடம்தான் எங்களுக்கு அதுவரை தெரியும். ஓய்வெடுக்க வரும் இடம் இதுதான் என்று மேடம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அது உறுதியானது.

திரும்பி வரும்போது ஜீப் பக்கம் ஒரே சத்தம். கால் முழுக்கச் சேறோடு என் மாமியார் நின்றிருந்தார். அடுத்த பாத்தியில் வேலை செய்தவர், வேற்று ஆள் கையில் பேத்தி இருப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"ஏம்மா, இது எங்க வூட்டுப் புள்ளயாச்சே! உன் கைல எப்படி வந்துச்சு?"

"உங்க மருமக வேலைல இருக்காங்கம்மா. நான் அவங்க கூட வேல செய்யுறவதான். பசிக்கு அழுதுது, தண்ணி குடுத்தேன், இப்ப தூங்குது. சத்தம் போடாதீங்க" என்று அக்கா கிசுகிசுத்தார்.

அத்தை குரலைத் தழைத்துக்கொண்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்து வரை பட்டன் போட்ட காக்கிச் சட்டை, கையில் ஆன்டெனா, பக்கத்தில் என்னிடம் விவரம் கேட்டுக்கொண்டே வரும் நிபுணர். எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

அத்தை கேட்டதெல்லாம் இவ்வளவுதான். "ஏன்டி, வேலய விட்டுடலாம்னு இருந்தியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஒரு வார்த்த என்ட்ட சொல்றதுக்கு இன்னா? மத்தியானத்துக்கு மேல நான் வூட்லதான இருக்கப் போறேன்." பிறகு அக்கா பக்கம் திரும்பி, "கால வேளையில மட்டும் நீ பாத்துக்குவியாம்மா?" என்றார். நான் அங்கே நிற்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள்.

மறுநாளே எங்கள் ஆபீஸ் உத்தரத்தில் ஒரு தூளி தொங்கியது. கயிறு கட்டியவர் மேடம். குழந்தை என்றாலே தள்ளி நிற்கும் அவர், முடிச்சை மட்டும் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தார். காலையில் நான் உப்பளத்தில் இருக்கும்போது, அக்கா ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே மறுகையால் டைப் அடிப்பார். மத்தியானம் அத்தை வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார். அதன்பின் மாலை வரை நான் அக்காவுக்கு சால்டரிங் சொல்லிக் கொடுப்பேன், அவர் எனக்கு வரைபடம் போடச் சொல்லிக் கொடுப்பார்.

திட்டம் தொடர்ந்தது. வடக்கே ஒரு பயிற்சிக்கு ஒருவர் போகலாம் என்று வந்தபோது, மேடம் இரண்டு பேரையும் கேட்டார். "அக்கா போகட்டும்" என்று நான் முந்திக்கொண்டேன். அவர் திரும்பி வரும்வரை அவருடைய மகள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அத்தைதான் தலைவாரிப் பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினார். அடுத்த வருடப் பயிற்சிக்கு நான் போனேன்.

இன்றைக்கு வனவிலங்குகளுக்குப் பொருத்தும் கருவிகளைச் செய்யும் இடத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் நான் இருக்கிறேன். வேலை கேட்டு வருகிற பெண்களின் விண்ணப்பத்தில் நாலைந்து வருடம் வெறுமையாக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் என்று கேட்க வாயெடுப்பார்கள். அதற்கு முன்பே நான் ஒரு பழுதான கருவியை அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்திவிட்டு, "அவசரமில்ல, திறந்து பாரும்மா" என்று சொல்லிவிடுகிறேன். அந்த வெற்று வருடங்களில் அவள் யாருக்காகவோ வாசலில் காத்து நின்றிருப்பாள் என்பது எனக்குத் தெரியும்.