மாரிட் ஹாகனின் முதல் ஓட்டு

அமெரிக்காவின் வடக்கே எங்கள் ஊர் வெஸ்ட்ஹோமில், பனி தள்ளும் வண்டி நிற்கும் கொட்டகைதான் ஓட்டுச்சாவடி. தேர்தல் அன்று விடிவதற்குள் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கறை தெரியாமல் ஒரு பழைய கம்பளத்தை விரித்து, இரண்டு மடக்கு மேசைகளைப் போடுவோம். அந்த மேசையில் பத்தொன்பது வருடம் மாரிட் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொரு ஓட்டுச்சீட்டிலும் இரண்டு பேர் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுத்தான் வாக்காளரிடம் கொடுக்க வேண்டும். ஒருவர் யானைச் சின்னக் குடியரசுக் கட்சி, மற்றவர் கழுதைச் சின்ன ஜனநாயகக் கட்சி. ஒருவரை ஒருவர் கண்காணிப்பதற்காக எப்போதோ செய்த ஏற்பாடு. மாரிட் யானை. நான் கழுதை. அவள் முதலில் போடுவாள், சீட்டை என் பக்கம் தள்ளுவாள், நான் போடுவேன். பேச்சு எதுவாக இருந்தாலும் கை நிற்காது.

"வாத்தியாரே, உங்க எழுத்து வர வர கோழி கிளறின மாதிரி இருக்கு."

"உன் பிள்ளைங்க பரீட்சைத் தாளைத் திருத்தித் திருத்திக் கெட்டுப்போன கை இது."

அவளுடைய இரண்டு மகன்களுக்கும் நான்தான் சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். அதனால் அவளுக்கும் நான் வாத்தியார்.

மாரிட் கொரியாவில் பிறந்தவள். இரண்டு வயதில் விமானத்தில் வந்து இறங்கினாள். தத்தெடுத்தவர்கள் இங்கே பால்பண்ணை வைத்திருந்த நார்வேக்கார வம்சத்துத் தம்பதி. மாரிட் என்பது வளர்ப்புத் தந்தையின் தாய் பெயர். பள்ளியை முடித்ததும் சீஸ் ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்தாள். ஆர்லின் ஹாகனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு முப்பது மாடு. கிறிஸ்துமஸ் வந்தால் நார்வே வழக்கப்படி உருளைக்கிழங்கு ரொட்டி சுடுவதில் தேவாலயத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. ஓட்டுப் போட்டவர்களுக்குக் கொடுக்கும் சின்ன வட்ட ஸ்டிக்கரை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமான் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பாள். கதவு மரமே தெரியாது.

விதி என்றால் அவளுக்கு விதிதான். ஒரு நவம்பரில் எலியாசர் சோலிஸ் வந்தார். எங்கள் பக்கத்துப் பெரிய பண்ணையில் பால் கறக்கிறவர், மெக்சிகோக்காரர். அந்தக் கோடையில்தான் குடியுரிமை கிடைத்திருந்தது. கறவை முடிந்து ரப்பர் பூட்ஸோடு நேராக வந்து, குடியுரிமைச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். முதல் ஓட்டு. பெயரைப் புதிதாகப் பதிய வேண்டும்.

"இது நீங்க யாருன்னு சொல்லுது. எங்க இருக்கீங்கன்னு சொல்லலையே," என்றாள் மாரிட். "கரெண்ட் பில்லோ பேங்க் கடிதமோ ஏதாவது ஒண்ணு வேணும்."

"எங்க இருக்கேன்னு உங்களுக்கே தெரியும் மேடம். போன வாரம் உங்க கன்னுக்குட்டி வழிதவறி வந்தப்ப நான்தானே ஓட்டிட்டு வந்து விட்டேன்."

"கன்னுக்குட்டிகிட்ட நான் விலாசம் கேக்கல. உங்ககிட்டக் கேக்கறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "விட்டுடேன் மாரிட்," என்றேன் மெதுவாக.

"இவரை விட்டா, அடுத்தவன் வந்து என் மச்சானையும் விடுங்கம்பான். அப்ப எந்த முகத்தோட முடியாதுன்னு சொல்றது?"

எலியாசர் போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். எட்டு மணிக்குக் கதவடைப்பு. ஏழு ஐம்பத்தெட்டுக்கு மூச்சிரைக்க வந்தார், கையில் கரெண்ட் பில். வரிசை ஓய்ந்ததிலிருந்து மாரிட் நாற்காலியை விட்டு எழுந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் சீட்டை இயந்திரத்தில் போட்டதும் முதலில் கை தட்டியவள் அவள்தான். எங்களுக்காகச் சுட்டு வந்திருந்த கேக்கில் மீதி முழுவதையும் தாளில் சுற்றி அவரிடம் கொடுத்தனுப்பினாள்.

பிறகு நாட்டில் தேர்தல் என்றாலே சண்டை என்று ஆகிவிட்டது. யார் எண்ணுவது, யார் பார்ப்பது, பட்டியலில் வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்களா என்று எங்கள் ஊர்க்கூட்டத்திலும் கேள்விகள் வந்தன. ஒரு ஜூன் மாதக் கூட்டத்தில் டுவைட் லெம்கே எழுந்தான். மாரிட்டுக்கு அடுத்த பண்ணைக்காரன், அவளுடைய கட்சிதான்.

"ஓட்டுப் போட வர்றவன்கிட்ட அதைக் காட்டு இதைக் காட்டுங்கறோம். மேசையில உக்காந்திருக்கறவங்க காட்டினாங்களா? அவங்க குடிமக்கள்தான்னு நமக்கு யார் சொன்னது?"

சட்டத்தில் அப்படிக் கேட்க இடமில்லை என்று ஊர் கிளார்க் வெர்லா சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாரிட் எழுந்துவிட்டாள்.

"கேட்டதுல தப்பில்ல வெர்லா. காட்டிட்டாப் போச்சு. அடுத்த கூட்டத்துக்கு நானே முதல்ல கொண்டுவரேன். வாத்தியார் கொண்டுவராரான்னு பாருங்க, அவர் பூமியில பிறந்ததுக்கே ஆதாரம் கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் பக்கத்தில் முக்கியமான காகிதங்களை ரொட்டி வரும் பிளாஸ்டிக் பையில் சுருட்டி, பெரிய ஃப்ரீசரில் மான்கறிக்கு அடியில் வைப்பது வழக்கம். வீடு எரிந்தாலும் ஃப்ரீசர் எரியாது என்று ஒரு கணக்கு. பத்து நாள் கழித்து மாரிட் அந்தப் பையோடு என் சமையலறைக்கு வந்தாள். பையில் இன்னும் உறைபனி இருந்தது.

தத்தெடுத்ததற்கான நீதிமன்ற உத்தரவு இருந்தது. கொரியாவிலிருந்து வந்த பிறப்புக் காகிதம் இருந்தது. இரண்டு வயதுக் குழந்தையின் படம் ஒட்டிய விசா இருந்தது. குடியுரிமைச் சான்றிதழ் இல்லை.

"தொலைஞ்சிருக்கும்," என்றேன்.

"வக்கீல்கிட்டக் கேட்டுட்டேன். தொலையல. எடுக்கவே இல்ல." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீதிபதி கையெழுத்துப் போட்டாச்சு, இனி இவ நம்ம பொண்ணு, அவ்வளவுதான்னு அப்பா நினைச்சிருக்கார். தனியா ஒரு மனு போடணும்னு அவருக்கு யாரும் சொல்லல. பின்னாடி சட்டத்தை மாத்தினாங்களாம், குழந்தைங்களுக்குத் தானாக் கிடைக்கற மாதிரி. அதுக்குள்ள எனக்கு முப்பது தாண்டிடுச்சு. ஊர் தாண்டாதவளுக்குப் பாஸ்போர்ட் எதுக்கு? அதான் தெரியாமலே போச்சு."

அந்தத் தலைமுறையில் தத்து வந்த எத்தனையோ பேருக்கு இப்படி நேர்ந்திருக்கிறது என்று பின்னால் அறிந்தேன். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். குடிமகள் அல்லாதவள் ஓட்டுப் போடுவது குற்றம். அவள் முப்பத்தெட்டு வருடம் போட்டிருக்கிறாள். வழக்கு வரலாம். நாட்டை விட்டே அனுப்பலாம்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"ஆர்லின்கிட்ட. அப்புறம் அந்த வக்கீல்கிட்ட. வாயைத் திறக்காதேங்கறார்."

"நானும் அதைத்தான் சொல்றேன். உடம்பு சரியில்லன்னு மேசையை விட்டு விலகிடு. ஓட்டுப் போடாதே. யார் கேக்கப்போறா?"

அவள் பையின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். "எலியாசர் பால் கறந்துட்டு, குளிக்காம வந்த மனுஷன். ஒரு கரெண்ட் பில்லுக்காகத் திருப்பி அனுப்பினேன் வாத்தியாரே."

"அது வேற."

"எப்படி வேறன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

நான் எழுந்து காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தாள். "கொரியாவுக்கு அனுப்பிட்டாங்கன்னா உருளைக்கிழங்கு ரொட்டிக்கு நான் எங்க போவேன்? ஒரு வார்த்தை அந்த பாஷை தெரியாது," என்று சிரித்தாள். காரில் ஏறி, வெகுநேரம் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜூலைக் கூட்டத்தில் தன் முறைக்காகக் காத்திருந்து எழுந்து சொன்னாள். கையில் காகிதம் எதுவும் இல்லை. "போன மாசம் கொண்டுவரேன்னு சொன்னேன். என்கிட்ட அது இல்ல. நான் குடிமகள்னு நினைச்சிட்டிருந்தேன், இல்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. பட்டியல்லேர்ந்து என் பேரை அடிச்சிடு வெர்லா." அடித்ததை நேரில் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

டுவைட் மறுநாளே புகார் கொடுத்தான். மாவட்ட அரசு வக்கீல் நான்கு மாதம் வைத்திருந்து, தெரிந்து செய்த குற்றம் இல்லை என்று கோப்பை மூடினார். அந்த நான்கு மாதமும் அதற்குப் பிறகும் நடந்தவற்றை நான் மறக்க மாட்டேன். அவள் கட்சிக்காரர்கள் சிலர் அவளைக் கள்ள ஓட்டுக்காரி என்றார்கள். என் கட்சிக்காரர்கள் நகரத்திலிருந்து வந்து, மேடையில் ஏறி எங்களுக்காகப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். "நீங்க விதியே வேண்டாங்கறவங்க. எனக்கு விதி வேணும். நான் அதுக்குள்ள வரணும், அவ்வளவுதான்," என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினாள்.

டுவைட் பல வருடங்களாக அவள் வீட்டுப் பாதையில் பனி தள்ளிக்கொடுப்பவன். அந்தக் குளிர்காலமும் விடியற்காலையில் வந்து தள்ளிவிட்டுப் போனான். நான் அவனைக் கேட்டேவிட்டேன்: "புகாரும் நீதான், பனியும் நீதானா?"

"அது சட்டம், இது பனி," என்றான். அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

குடியுரிமைக்கு மனுப்போட்டாள். ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருப்பு. நடுவில் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. நேர்காணலுக்கு ஆர்லினும் நானும் நகரத்துக்குக் கூட்டிப்போனோம். வக்கீல் அவளோடு உள்ளே போனார். உள்ளே நடந்ததை அவர் பின்னால் சொன்னார்.

அதிகாரி கேட்டாராம்: "இந்த நாட்டுத் தேர்தல் எதிலாவது ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா?"

"எல்லாத்துலயும்."

"எல்லாவற்றிலும் என்றால்?"

"பள்ளிக்கூடக் குழுத் தேர்தல் உட்பட." கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாளாம். அலமாரிக் கதவைப் பார்த்து வருடவாரியாக எழுதிய பட்டியல். அதிகாரி இரண்டு பக்கமும் படித்தார். வக்கீல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இப்படிச் சிறுவயதில் வந்து, வளர்த்த பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருந்து, தானும் குடிமகள்தான் என்று நியாயமாக நம்பியவர்களுக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டாம். வக்கீல் அதைத்தான் வாதாடினார். மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. போன அக்டோபரில், சோமாலியர்கள், மெக்சிகோக்காரர்கள், ஒரு கனடாக்காரர் எல்லோரோடும் நின்று கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தாள்.  

நவம்பர் தேர்தல். அவள் நாற்காலியில் அவள் கட்சி சார்பில் அனுப்பப்பட்டவர் எலியாசர் சோலிஸ். அவர் யானைக் கட்சி என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மாலை ஏழு மணிக்கு மேல், ஆர்லின் தோளைப் பிடித்துக்கொண்டு மாரிட் வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது, தலையில் கம்பளித் தொப்பி. பெயரைப் புதிதாகப் பதிய வேண்டும். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

எலியாசர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"மேடம்... விலாசத்துக்கு ஏதாவது..."

மாரிட் கைப்பையைத் துழாவினாள். உயிரைக் கொடுத்துச் சான்றிதழை வாங்கியவள், இதை மறந்துவிட்டாள். கரெண்ட் பில் ஆர்லின் பெயரில்.

"அவ எங்க இருக்கான்னு இங்க தெரியாதவங்க யாரு?" என்றாள் வெர்லா. வரிசையில் நின்ற டுவைட்கூட, "ஆமா, நான் தினமும் பாக்கறேன்," என்றான்.

"நீங்கல்லாம் சும்மா இருங்க," என்றாள் மாரிட். "அவர் கேட்டது சரி. ஆர்லின், வீட்டு வரி ரசீதுல என் பேரும் இருக்கு. ஃப்ரீசர்ல, இடது பக்கம்."

ஆர்லின் ஓடினான். அவளை மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தோம். எலியாசர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். போக ஒன்பது மைல், வர ஒன்பது மைல். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பார்த்து, "இன்னும் கோழிதானா?" என்றாள்.

ஏழு ஐம்பத்தாறுக்கு ரொட்டிப்பை வந்தது. எலியாசர் விறைத்த ரசீதை விரித்துப் படித்து, அவள் பெயரை எழுதினார். சீட்டில் தன் எழுத்துகளைப் போட்டு என் பக்கம் தள்ளினார். நான் போட்டேன். நிதானமாக, தெளிவாக. அவள் மறைப்புக்குப் பின்னால் போய் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். எட்டு மணி தாண்டியது. வரிசைக்கு வந்துவிட்டவரை அவசரப்படுத்தக் கூடாது என்பதும் விதி.

பிப்ரவரியில் போய்விட்டாள். பனியில் இறுகிய நிலம் இளகும்வரை காத்திருந்து ஏப்ரலில் அடக்கம் செய்தோம். அதற்கு நான்கு நாள் முன்னால் ஊர்த் தேர்தல் நடந்தது; கொட்டகையில் எலியாசரும் நானும்.

நவம்பரில் கிடைத்த ஸ்டிக்கரையும் அவள் அதே அலமாரிக் கதவில்தான் ஒட்டியிருக்கிறாள். பழையவற்றில் ஒன்றைக்கூடப் பிய்க்கவில்லை. ஆர்லின் திறந்து காட்டினான்.

அவள் போட்ட சீட்டு, முத்திரையிட்ட பை ஒன்றில் மற்ற சீட்டுகளோடு இருக்கிறது. எது அவளுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் எலியாசரின் எழுத்தும் என் எழுத்தும்தான். இருபத்திரண்டு மாதம் வைத்திருந்து அழித்துவிடுவார்கள். அந்தப் பையை மட்டும் விட்டுவைக்க வழி உண்டா என்று வெர்லாவிடம் கேட்கலாமென்று ஒருநாள் அவள் வீட்டு வாசல்வரை போனேன். கேட்காமல் திரும்பிவிட்டேன். என்ன பதில் வரும் என்று தெரியும். அது மாரிட்டின் குரலில்தான் என் காதில் விழும் என்பதும் தெரியும்.