ரோஸ்மேரி அக்காவின் பிளாஸ்டர் துண்டுகள்

ரோஸ்மேரி அக்கா சேர்வரைக் கெடுத்தார் என்ற கடிதம் பொய். அதில் கையெழுத்திட்ட மனேஜருக்கும் அது தெரியும்.

அக்கா இறந்த செய்தி போன செவ்வாய்க்கிழமை எங்கள் பழைய ஒஃபிஸ் வட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. மாரடைப்பு. வயது நாற்பத்தொன்று. ஐந்து நிமிடத்துக்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவரை வேலையிலிருந்து நிறுத்திய அன்று அதே குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். ஆகவே இதை அந்தக் குழுவில் போடாமல், அக்காவை அறியாத உங்களுக்கே எழுதுகிறேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில், துறைமுகச் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் அந்தக் கம்பனியில் கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொண்டது நாங்கள் இருவரும். பத்திரங்கள் எல்லாம் இருந்த மெயின் கம்பியூட்டரான சேர்வர் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. ஒரு பத்திரம் திறப்பதற்குள் தேநீர் குடித்து முடித்துவிடலாம். டைப் பண்ணும் பிள்ளைகள் போனில் படம் பார்ப்பதுதான் காரணம் என்று மனேஜர் ஏசினார். போன்களைப் பறித்துத் தன் மேசை லாச்சியில் பூட்டினார்.

அக்கா என்னைக் கூப்பிட்டார்; தம்பி என்பதைச் சிங்களத்தில் ‘மல்லி’ என்றுதான் எப்போதும் சொல்வார். “மல்லி, முதல்ல டிஸ்க் என்ன மோட்ல ஓடுது என்டு பாரு. மனுசரைப் பொறகு ஏசலாம்.”

பார்த்தோம். ஹார்ட் டிஸ்கை வாசிக்கும்போது பிழைகள் திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பழைய மெஷின் அதன் வேகத்தைத் தானே படிப்படியாகக் குறைத்துவிடும். யாருக்கும் சொல்லாது. எங்களுடையது ஆகக் கீழ்ப்படிக்கு இறங்கியிருந்தது. அக்கா அந்த செட்டிங்கை அழித்து மெஷினை மறுபடி எழுப்பினார். பத்திரங்கள் உடனே திறந்தன.

“அக்கா, எங்கட மனேஜருக்கும் இப்பிடி ஒரு செட்டிங் இருக்கா?” என்று கிளார்க் ஒருவர் கேட்டார்.

“இருக்கு. அந்தாளை ரீஸ்டார்ட் பண்ணத்தான் வழியில்ல.”

எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் என் பக்கம் திரும்பி, “இது மருந்தில்ல மல்லி, காய்ச்சலைக் கொஞ்ச நேரம் குறைக்கிற பனடோல். டிஸ்க் சாகுது” என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்களும் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி, திகதியும் வேகமும் எழுதி, கையெழுத்து வைத்து, சேர்வரின் பக்கவாட்டில் ஒட்டினார். வேகம் விழுந்த ஒவ்வொரு முறையும் புது டிஸ்க் கேட்டு மனேஜருக்குக் கடிதம் கொடுத்தார். மூன்று தடவையும் ஒரே பதில். “ஓடுதுதானே?”

ஒரு முற்பகல் டிஸ்க் செத்தது. கொள்கலன்கள் துறைமுகத்திலேயே நின்றன. பழி போட ஒரு ஆள் தேவைப்பட்டது. மனேஜர் என்னை உள்ளே அழைத்தார்.

“அவ செட்டிங்கில கை வச்சதை நீர் கண்டீரா? ஓம், இல்லை, ரெண்டில ஒண்டு.”

“ஓம். ஆனா...”

“ஆனா வேண்டாம். சைன் பண்ணும்.”

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருவன். அவர் நீட்டிய வாக்குமூலத்தில் கையெழுத்திட்டேன். அனுமதியின்றி செட்டிங்கை மாற்றி சேர்வரைச் செயலிழக்கச் செய்தார் என்று, என்னைச் சாட்சியாக வைத்துக் கடிதம் எழுதப்பட்டது. அக்கா அதை வாசித்துவிட்டு, “நீ உண்மையைத்தானே சொன்ன, மல்லி” என்றார். அதற்குப் பதிலாக என்னை ஏசியிருக்கலாம்.

அவர் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அந்தக் கடிதம் அவருக்கு முன்னால் போய் நின்றது. யாரும் வேலை கொடுக்கவில்லை. நுகேகொடையில் ஒரு கடையில் போன் திரை மாற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவரைக் கண்டுவிட்டு மற்றப் பக்க நடைபாதைக்கு மாறினேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பிளாஸ்டர் துண்டுகள் மட்டுமே. சேர்வரை எறிந்த அன்று உரித்தெடுத்து ஒரு நோட்டுக் கொப்பியில் ஒட்டினேன். இவ்வளவு காலமும் ஒருவருக்கும் காட்டவில்லை.

மரண வீட்டில், சவப்பெட்டிக்கு அருகே ஆகப் பெரிய மலர்வளையம் மனேஜருடையது. அக்காவின் அம்மாவுக்கு முன்னால் கொப்பியை விரித்து மனேஜரிடம் நீட்டினேன்.

“சேர், டிஸ்க் தானாச் செத்துக்கொண்டு வந்ததை அக்கா திகதி போட்டு எழுதினது இது, எல்லாத்திலயும் அக்கான்ர கையெழுத்து இருக்கு. அந்தக் கடிதம் பொய் எண்டு எழுதி இந்த அம்மாட்டக் குடுங்கோ. சாட்சிக்கு நானே சைன் வைக்கிறன். இப்பவே எழுதுங்கோ.”

மனேஜர் குனிந்து மலர்வளையத்தின் நாடாவை நேராக்கினார்.