காலிக்கு இன்னொரு தரம்

கம்ப்யூட்டரைத் துடைத்த அன்று கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தவர்கள் அப்பாவும், வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்த அவருடைய கூட்டாளி மாமாவும். அம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தார். நான் வேலையில்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமா வங்கியில் கிளார்க்காக இருந்தவர். கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஓடுகிறது என்று அப்பா முறைப்பட்டிருக்கிறார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உதுக்குள்ள குப்பை சேர்ந்திட்டுது. முழுக்கத் துடைச்சுப்போட்டுப் புதுசா ஏத்துவம்" என்றிருக்கிறார். துடைத்தார்கள். பிறகு உண்மையிலேயே வேகமாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும், உள்ளே ஒன்றுமே இல்லையே.

முந்தின கிழமை அப்பாவும் அம்மாவும் ரயிலேறிக் காலிக்குப் போய் எடுத்த படங்கள் அதற்குள்தான் இருந்தன. போனில் இடமில்லை என்று அப்பா எல்லாவற்றையும் அங்கே ஏற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்திருந்தார். கல்யாணம் கட்டிய பிறகு இருவரும் தனியாகப் போன முதல் பயணம் அது. ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலிருந்து பெரியம்மா வருகிறார். "உன்ட மனுசன் உன்னை மட்டக்குளிக்கு அங்கால கூட்டிப் போனதில்ல" என்று ஒவ்வொரு வரவிலும் சொல்லிக்காட்டுகிறவர். அவருக்குக் காட்டத்தான் அம்மா அந்தப் படங்களை நம்பியிருந்தார்.

எங்கள் வீட்டில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். ஆகவே மின்சாரத்தில் ஓடும் எல்லாவற்றுக்கும் நானே வைத்தியன். பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "பேஹெ மல்லி", ஏலாது தம்பி என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

"அம்மாட்ட சொல்லிருவம்ப்பா."

"உனக்கென்ன, நீ காலையில வேலைக்குப் போயிருவ. வீட்ல இருக்கிறது நான்."

பிறகு அப்பா தன் திட்டத்தைச் சொன்னார். அதே நீலச் சேலை, அதே ரயில், அதே கோட்டை மதில். படம் மட்டும் புதிது.

"போன கிழமைதானே போனோம்?" என்றார் அம்மா.

"கடல் நல்லா இருந்திச்சில்ல? அந்த நீலச் சேலையையே கட்டு. உனக்கு எடுப்பா இருக்கு."

அப்பா ஒரு சேலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மாவும் கேட்டதில்லை போலும். என்னைக் குசினிக்குள் இழுத்தார். "அப்பாக்கு டொக்டர் என்ன சொன்னார்? எனக்கு மறைக்காத."

"ஒண்டும் சொல்லல்லம்மா."

உண்மையைத்தான் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை.

படம் பிடிக்க என்னையும் கூட்டிப் போனார்கள். ரயிலில் ஜன்னலோரத்தை அம்மா அப்பாவுக்குக் கொடுத்தார். கல்கிசை தாண்டியதும், கொலஸ்ட்ரோல் என்று வருடக்கணக்காகத் தடை செய்திருந்த இறால் வடையைத் தானே வாங்கி, ஊதி ஆற்றி நீட்டினார். அப்பாவுக்கு ஆச்சரியம். ஆனாலும் காரணம் கேட்டு வடையைக் கெடுத்துக்கொள்கிற ஆளில்லை அவர். இன்னும் இரண்டு கேட்டு வாங்கினார்.

வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் அம்மாவை நிறுத்தி, "சிரி" என்றார். அம்மா அழுதார். மதில்மேல் உட்காரவைத்தோம்; அங்கேயும் அழுதார். போனைப் பார்த்தால், எல்லாப் படத்திலும் செத்தவீட்டுக்கு வந்த முகம். பெரியம்மாவுக்கு வேறென்ன வேண்டும்?

"ஏன் அழுகிற?"

"எத்தனை மாசம் எண்டு சொன்னாங்க?"

"ஆரு?"

"டொக்டர்!"

அப்பா கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார்: கம்ப்யூட்டர், மாமா, குப்பை.

"அப்ப உங்களுக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லையா?"

"இல்ல."

"மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்தார். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. "இந்த மூஞ்சிய அக்காக்குக் காட்ட ஏலாது. இண்டைக்கு இங்கயே தங்குவோம். காலையில புதுச் சேலையோட எடுப்போம்."

"ரூமுக்கு சல்லி?"

"சாகப் போற மனுசன் எண்டு நான் வடை வாங்கித் தந்தேன். உயிரோட இருக்கிற மனுசன் ரூம் எடுங்க."

அங்கிருந்தே மாமாவுக்கும் போன் எடுத்தார். புதுச் சேலைக்கான காசு அவர் தலையில் விழுந்தது. "ஓம் தங்கச்சி, ஓம் தங்கச்சி" என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்தார். ஒன்றில், கடலைப் பார்த்த அறையின் பல்கனியில், புதுப் பட்டுச் சேலையில் அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த ஹோட்டல்?" என்று கேட்டார் பெரியம்மா, குரல் இறங்கி.

அந்தக் கேள்விக்காக இரண்டு பென்ஷன்காரர்களும் சேர்ந்து இறக்கியது அறுபத்திரண்டாயிரத்து நானூறு ரூபாய்.