சொட்டுகிறதா என்று ஒரு தொலைபேசி

அம்மா இறந்த பிறகு, கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் நான் மட்டும்தான். அண்ணா கனடாவில். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் விடிந்ததும் பஸ் எடுத்து, கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் அலுவலகத்தை நானே முதலில் திறப்பேன். தொழிற்சாலைப் பம்புகளில் ஒழுக்கைத் தடுக்கும் சீலும் பேக்கிங்கும் விற்கிறோம். எந்தப் பம்புக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

மட்டக்குளியில் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையில் தண்ணீர்ப் பம்பு ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கல் சீல் போட்டுத் தரையைக் காயவைத்துத் தரச் சொன்னார் மனேஜர். போய்ப் பார்த்தால் பழைய பம்பு. சுழலும் தண்டு கையால் அசைத்தாலே ஆடியது. சீலில் உள்ள இரண்டு வழுவழுப்பான வளையங்களில் ஒன்று அசையாமல் நிற்க, மற்றது அதோடு ஒட்டிச் சுழல வேண்டும். இந்த ஆட்டத்துக்கு அவை உடைந்துவிடும். புதுப் பம்பு வரும்வரை, தண்டைச் சுற்றி பேக்கிங் கயிறு வைத்து இறுக்குவதுதான் வழி என்றேன். மனேஜர் முகம் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார்.

பம்பைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிட மூத்த ஒரு முஸ்லிம் மனிதர்.

"அப்ப ஒழுகத்தான் வேணுமா மிஸ்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் சொட்டத்தான் வேணும். முழுக்க இறுக்கினா சூடேறி எரிஞ்சுபோகும். எப்பிடிச் சொட்டுது எண்டு கொஞ்ச நாளைக்கு தினமும் ஒருக்கா போன் எடுத்துச் சொல்லுங்கோ."

மறுநாள் காலை போன் எடுத்தார். அளவாகச் சொட்டுகிறது, கை வைத்துப் பார்த்தேன், சூடில்லை என்றார். அதற்கடுத்த நாளும் எடுத்தார். சில நாட்களில் பேக்கிங் படிந்துவிட்டது. இனி அவர் தினமும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. மெல்ல மெல்ல மழை, அவருடைய மனைவியின் முழங்கால்வலி என்று கதை நீண்டது. சாப்பிட்டீங்களா என்று கேட்பார். சாப்பிடாத நாளிலும் ஓம் என்பேன். பல நாட்கள் வேலையைத் தவிர நான் பேசியது அவ்வளவுதான்.

பிறகு புதுப் பம்பு வாங்கினார்கள். இதற்கு எது நல்லது என்று மனேஜர் கேட்டார். தண்டு நேராக இருந்தது, தண்ணீரும் சுத்தம். சீல்தான் பொருத்தம் என்று உள்ளபடி சொன்னேன். சீலைப் பூட்டிப் பம்பை ஓடவிட்டபோது ஒரு சொட்டும் விழவில்லை.

பம்பைப் பார்த்துக்கொள்பவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இனி நான் என்னத்தப் பார்க்க வேணும் மிஸ்?"

"ஒண்டும் பார்க்கத் தேவையில்லை."

"அப்ப சரி," என்றார்.

அடுத்த வாரம் நானே அவரை அழைத்தேன். பம்பில் சத்தம் ஏதும் கேட்கிறதா என்று விசாரித்தேன். ஒன்றும் இல்லை, நல்லா ஓடுது என்றார். மனைவியின் முழங்காலைப் பற்றிக் கேட்க நினைத்தேன். அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வைக்கிறேன் மிஸ் என்றார். எனக்கும் மீண்டும் அழைக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.