முனுசாமி உரசிப் பார்த்த ஏசி

காலையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருவில் போயிற்று. "பழைய ஏசி, பழைய ஃபிரிட்ஜ் வாங்குகிறோம்" என்று பதிவுசெய்த குரல் கத்திக்கொண்டிருக்க, வண்டிக்காரர் நிம்மதியாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் காலத்தில் தொண்டை கிழிய நாமேதான் கத்தவேண்டும். காஞ்சிபுரத்தில் முதன்முதலாக ஏசியை எடைக்கு வாங்கியவர்கள் நானும் என் மச்சான் முனுசாமியும்தான். மறுத்துப் பேச ஆள் யாரும் இல்லாததால் தைரியமாகச் சொல்கிறேன்.

எழுபதுகளில் நாங்கள் இருவரும் பழைய இரும்புக் கடை வைத்திருந்தோம். முனுசாமி என் மனைவியின் தம்பி. அதற்கு முன்பு, பழைய பட்டுப் புடவைகளை வாங்கி எரித்து ஜரிகையிலிருந்து வெள்ளி எடுப்பவர்களிடம் வேலை பார்த்தவன். அங்கே உரசிப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார்கள். அந்தப் புத்தி அவனை விடவே இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி டம்ளரை உரசிப் பார்த்தான் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். நான் கூடவே இருந்தேன், அவன் உரசியது குத்துவிளக்கை.

ஏசியை விற்றவர் ஒரு பட்டுக்கடை முதலாளி. "நல்லா ஓடுற பெட்டிய ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டதும் புலம்பித் தீர்த்துவிட்டார். "ஜில்லுனு இருக்குதுன்னு வந்து உக்காந்துக்கினு எழுந்திருக்கவே மாட்டேன்றாங்கப்பா. புடவை எடுக்கறதே இல்ல. நேத்து ஒரு அம்மா கொறட்டையே வுட்டுச்சு."

உள்ளே இருக்கும் செம்புக்காகத்தான் வாங்கினோம். ஆனால் வீட்டில் என் மனைவி நிறைமாதம். கத்திரி வெயில், தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஊரில் மற்றவர்கள் மாங்காய் கேட்பார்கள், சாம்பல் கேட்பார்கள். இவள் தம்பியைக் கூப்பிட்டு, "ஒடைக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி அந்தக் காத்துல படுக்கணும்டா" என்றாள். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். அது ஏசிக்கும் பொருந்துமா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பெட்டியைக் கொண்டுவந்து வீட்டு ஜன்னலில் பொருத்தினோம். நான் ஒயர் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினால், முனுசாமி அரமும் கையுமாகப் பெட்டியின் பின்னால் நிற்கிறான்.

"நெசமாவே செம்புதானான்னு பாக்க வாணாமா மாமா?"

நான் "டேய்" என்பதற்குள் குழாயில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டான். 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். "பாம்பு மாமா!" என்று தெருமுனை வரை ஓடினான். வாயு முழுக்கப் போன பிறகு ஸ்விட்சைப் போட்டோம். சத்தத்துக்குக் குறைவில்லை, காற்றோ அடுப்பு வாயில் நிற்பதுபோல அடித்தது. என் மனைவி வயிற்றைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. முனுசாமிக்கு முகம் செத்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டான்.

திரும்பி வந்தபோது கேரியரில் மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளம், சாக்கில் சுற்றி. இட்லி அண்டாவில் அதை நிறுத்திப் பெட்டிக்கு முன்னால் வைத்தான். காற்று அதில் பட்டு வந்தது. "குளுருதுடா" என்று சிரித்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கேள்விப்பட்டு வந்த தெருப்பெண்கள் பக்கத்திலேயே வரிசையாகப் படுத்துவிட்டார்கள். எனக்கு என் வீட்டிலேயே கால்வைக்க இடமில்லை. முனுசாமி மட்டும் உருகிய தண்ணீரைச் சொம்பால் மொண்டு கொட்டிக்கொண்டே இருந்தான்.

பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகுதான் பெட்டியை உடைத்தோம். செம்பு அசல் செம்புதான். அவள் பள்ளிக்கூடம் போகிற வயது வரைக்கும் முனுசாமி வீட்டுக்கு வந்தால் முதலில் அவள் காதுகள் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். காதுக்கு ஒரு குறையும் இல்லை. நான் முணுமுணுத்தால்கூட அவளுக்குக் கேட்டுவிடும்.

அன்றைக்கு அவன் பாளம் வாங்கிவந்த ஐஸ் பாக்டரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். முனுசாமியும் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுக்கு முன்னால் என் மனைவி போனாள். வாடகைக்கு வந்த குளிர்ப்பெட்டியில் அவளைக் கிடத்தியிருந்தோம். கண்ணாடி மேல் கையை வைத்தபடி முனுசாமி வெகுநேரம் நின்றான். பிறகு என்னைப் பார்த்து, "அக்காவுக்குக் குளுரும் மாமா, நிறுத்தச் சொல்லு" என்றான்.

கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன்.